தாங்கள் உறங்காத உறக்கச் சோதனை

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய தமக்கையார் கஸ்தூரி அவர்களுக்கு, தங்கை தேவகி வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் மறைந்து நான்கு மாதங்கள் சென்றபின் இம்மடலை எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். கோபம் வந்தால் எனக்கு மரியாதை கூடிவிடும் என்பது தாங்கள் அறிந்ததே.

இத்தனை நாளும் என் தமிழையெல்லாம் ஒரு புகார் மனுவில் செலவிட்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அகராதியை வைத்துத் தானாகக் கற்ற தமிழ் என்று ஐயம்பேட்டையில் நம் தெருவே மெச்சுமல்லவா? தங்களுக்கு எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்த சென்னை மருத்துவர் மீது அந்த மனு. சிகிச்சை நன்றாகவே முடிந்தது. வலி மருந்தின் மயக்கத்தில் உறங்கும்போதுதான் தங்கள் மூச்சு நின்றது.

“தூக்கச் சோதனையில மூச்சுத் தடையே இல்லைன்னு வந்துச்சேம்மா” என்றார் அவர்.

“எங்க அக்கா கொறட்டைக்குப் பக்கத்து வீட்டுத் தறியே நின்னுடும். எங்கிட்டயே கதை சொல்றீங்களா?” என்று எல்லார் முன்னிலையிலும் அவரைப் பொய்யர் என்றேன்.

சென்ற வாரம் மனுவைத் தட்டச்சு செய்ய என் மகள் மலரிடம் கொடுத்தேன். ‘இவ்வுறக்கச் சோதனை அறிக்கை என் தமக்கையின் உறக்கத்தைப் பற்றியதன்று’ என்ற வரியில் அவள் விரல்கள் நின்றன. நான் பெருமைப்பட்டு எழுதிய வரி அது.

“அம்மா, அது என் தூக்கம்மா” என்றாள்.

மார்பில் கட்டும் பட்டை, விரலில் மாட்டும் கவ்வி, மூக்கில் வைக்கும் குழாய். அவற்றை வீட்டிலேயே ஓரிரவு அணிந்து உறங்குமாறு மருத்துவமனையில் தங்களிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். மூச்சு தடைபடுவது தெரிந்தால், சில வாரங்கள் முகமூடிக் கருவியோடு உறங்கிப் பழகிய பின்பே அறுவைச் சிகிச்சை என்றும் சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் நம் வீட்டில் எதையும் தொடங்குவதில்லை. “அந்தம்மா ஏறணும்னா ரெண்டு பேர் எறங்கிக்கங்கப்பா” என்ற ஷேர் ஆட்டோக்காரர்களின் பேச்சைக் கேட்டுச் சலித்த தங்களால் ஆவணி வரை பொறுக்க முடியவில்லை.

ஆகவே பத்தொன்பது வயது ஒல்லிப்பெண்ணின் மார்பில் அந்தப் பட்டையைக் கட்டினீர்கள். அவள் தயங்கியபோது சொன்னீர்களாம்: “உனக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ உனக்காக நான் அம்மன் கோயில்ல அடிப்பிரதட்சணம் பண்ணல? எனக்காக நீ ஒரு ராத்திரி தூங்கக் கூடாதா? உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா, பக்கம் பக்கமா எழுதிக்கினு வந்துடுவா.”

ஒருவருடைய வேண்டுதலை இன்னொருவர் நடந்து நிறைவேற்றலாம். மூச்சையுமா?

தங்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மலரை அன்று நானேதான் அனுப்பிவைத்தேன். நம் இரு வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு அப்பால் தங்கள் குறட்டை கேட்டது. கருவி நன்றாகப் பதிவு செய்யட்டும் என்று நிம்மதியாகப் புரண்டு படுத்தேன். அதைக் கேட்டது என் காது மட்டுமே, கருவியல்ல என்று அன்று யார் எனக்குச் சொன்னார்கள்?

உண்மையைச் சொன்ன நாளிலிருந்து மலர் படுப்பதில்லை; சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருக்கிறாள். கல்லூரிக்கும் போகவில்லை. “நான் நல்லா தூங்கினதாலதாம்மா பெரியம்மா செத்துட்டாங்க” என்கிறாள்.

என்னிடம் மறைத்ததையாவது ஒருநாள் மன்னித்துவிடுவேன். பட்டையை மறுநாளே அவிழ்த்துவிட்டாய் அக்கா, இரகசியத்தை என் பிள்ளையின் நெஞ்சிலேயே கட்டிவிட்டுப் போய்விட்டாயே! அது நியாயமா?

மனுவைக் கிழித்துவிட்டேன். திங்கட்கிழமை சென்னைக்குச் சென்று, பொய்யர் என்றதற்கு அந்த மருத்துவரிடம் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்பேன். கருவியை அணிந்து உறங்கியது யார் என்று கேட்டால், நான்தான் என்பேன். மலரின் பெயர் என் வாயிலிருந்து வராது. ஒருவருக்காக ஒருவர் செய்வது நம் வீட்டு வழக்கம்தானே? இது நான் உனக்குத் தரும் வாக்கு.

ஆனால் அவளைப் படுக்கவைக்க என் சொல்லுக்கு வலு இல்லை. நீ சொன்னால்தான் கேட்பாள். எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம், அவளுக்குச் சொல். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.

உன் உடன்பிறந்த தங்கை,
தேவகி