கால் பெருவிரலைத் தொட்டுப் பார்த்த தாதியின் இடமாற்றம் குறித்து

அனுப்புநர்:
ம. தேவதாஸ்,
கருவி பழுதுபார்ப்பவர், ஜீவகாருண்ய மருத்துவமனை.
வீடு: காஜா பெராங், மலாக்கா.

பெறுநர்:
உயர்திரு ராஜரத்தினம் அவர்கள்,
கௌரவச் செயலாளர், நிர்வாகக் குழு,
ஜீவகாருண்ய மருத்துவமனை, தெங்கேரா.

பொருள்: தாதி சந்திரமதியை ஆண்கள் வார்டுக்குத் திரும்ப அழைத்தல், அவரது குறிப்பேட்டைத் திருப்பித் தருதல், எனது 28.6.1958 அறிக்கையில் ஒரு வாக்கியத்தை நீக்குதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தப் புகாரில் முதல் குற்றவாளி நான். அதைச் சொல்லிவிட்டே மற்றதற்கு வருகிறேன்.

2. கடும் நோயாளிகளுக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி சரியில்லை என்று தாதி சந்திரமதி ஜூன் மாதம் மூன்று முறை எழுதிக் கொடுத்தார். கருவி நல்ல அழுத்தம் காட்டுகிறது, ஆனால் நோயாளியின் கால் குளிர்ந்து கிடக்கிறது என்பது அவர் வாதம். நான் கருவியைக் கழற்றி இன்னொன்றோடு ஒப்பிட்டேன். குறையே இல்லை. "பாதரசம் பொய் சொல்லாது மிஸ்ஸி, உங்க கைதான் அடுப்புப் பக்கமிருந்து வந்திருக்கு" என்று வார்டில் எல்லார் முன்னாலும் கேலி செய்தேன். அறிக்கையில் "கருவி சரி" என்று எழுதி நிறுத்தியிருக்க வேண்டும். "புகார் ஆதாரமற்றது" என்றும் சேர்த்தேன். அதைச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது.

3. ஜூலை 8, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்குச் சற்று முன். ஏழாம் படுக்கையில் பத்து பெரெண்டாம் ஊர்க் கடைக்காரர் கபீர், குடல் அறுவைக்குப் பின் இரண்டாம் நாள். நான் கருவியின் இரப்பர் குழாய் மாற்றப் போயிருந்தேன். "முதல்ல அவர் காலத் தொடுங்க, அப்புறம் மெஷினத் தொடுங்க" என்றார் சந்திரமதி. தொட்டேன். விடியற்காலைக் குழாய்த் தண்ணீர்போல் சில்லென்று இருந்தது, கணுக்கால் வரைக்கும். கருவி 118 காட்டியது. மலாக்கா வெயிலில், காற்றாடி இல்லாத வார்டில், ஒரு மனிதனின் கால் சும்மா குளிராது.

4. சந்திரமதி டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார். அழுத்தம் நன்றாக இருப்பதால் மாலை பார்க்கலாம் என்று பதில் வந்தது. அன்று குழுவினர் பார்வையிடும் நாள். கால் பக்கம் போர்வை விலகியிருந்ததை மேட்ரன் அம்மையார் கண்டு, ஆயா அஞ்சலையிடம் அதை மெத்தைக்கடியில் இறுகச் செருகச் சொன்னார். சந்திரமதி மறுபடி விலக்கினார். மறுபடி செருகப்பட்டது. பதினொன்றரைக்குத் தாங்கள் வந்தீர்கள். படுக்கைகள் ஒரே சீராக இருப்பதாகப் பாராட்டிக் கையெழுத்திட்டீர்கள். மூன்று மணிக்கு அழுத்தம் விழுந்தது. நாலேகாலுக்குக் கபீர் இறந்தார். முன்பே கவனித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நாலு மணி நேரம் கையில் இருந்தது என்பது மட்டும் தெரியும்.

5. கருவியும் சரி, சந்திரமதியும் சரி. இது எப்படி என்று குழுவில் கேட்பார்கள். காஜா பெராங்கில் எங்கள் வரிசையில் தெருமுனைக் குழாயில் தண்ணீர் பீய்ச்சும். கடைசி வீட்டில் சொட்டாது. முனையில் அளந்தால் குறை தெரியாது. உடம்பில் கடைசி வீடு கால் பெருவிரல்.

6. இரண்டு மணிக்கொரு முறை விரல், கணுக்கால், முழங்கால் என்று தொட்டுப் பார்த்து, நகத்தை அழுத்தி விட்டு, சிவப்பு திரும்ப எத்தனை வரை எண்ண வேண்டியிருக்கிறது என்பதை அழுத்தத்தின் பக்கத்திலேயே தன் குறிப்பேட்டில் சந்திரமதி எழுதி வந்தார். மொத்தம் 41 பேர். அழுத்தம் நன்றாயிருந்தும் கால் குளிர்ந்தவர்கள் 13. அவர்களில் 9 பேருக்கு அன்றைக்கே மோசமானது. மற்ற 28 பேரில் 3 பேருக்குத்தான். இது போதாது, நூறு பேரையாவது பார்க்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார். நம்பாமல், இடமாற்றத்துக்கு முன் நான் நோயாளிகளின் காலில் மின் வெப்பமானி வைத்து, அவர் கை சொல்வது சரியா என்று சோதித்தேன். இருபது தடவையில் பதினெட்டு சரியாக வந்தது.

7. ஜூலை 11 முதல் அவர் துணிக்கிடங்கில் போர்வை மடிக்கிறார். இடமாற்ற உத்தரவில் இரண்டு காரணம்: படுக்கையை அலங்கோலப்படுத்தியது, "தேவதாஸ் அறிக்கைப்படி" ஆதாரமற்ற புகார் கொடுத்தது. குறிப்பேடு மேட்ரன் அறை அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. நர்ஸுக்கு எதற்கு ஆராய்ச்சி என்று அம்மையார் கேட்டாராம். அம்மையார்மீது எனக்குப் பகையில்லை. வார்டு சுத்தமாக இருப்பது அவரால்தான். ஆனால் நோயாளியின் காலை யார் தொடுகிறார்கள், டாக்டரா, நானா? நர்ஸ்தானே.

8. ஆகவே என் அறிக்கையின் இரண்டாம் வாக்கியத்தை அடித்துவிடுங்கள். அதற்கு எனக்கு என்ன தண்டனையானாலும் சரி. சந்திரமதியிடம் குறிப்பேட்டையும் வார்டையும் திருப்பிக் கொடுத்து, மீதி 59 பேரையும் பார்த்து முடிக்க அனுமதியுங்கள். கடும் நோயாளிகளின் போர்வையைக் கால் பக்கம் செருகக் கூடாது என்று ஓர் உத்தரவும் போட வேண்டும்.

9. வரும் செவ்வாய்க்கிழமை தாங்கள் மீண்டும் பார்வையிட வருகிறீர்கள். இன்று வார்டில் பதினோரு பேர். எல்லார் காலும் அழகாக மூடியிருக்கிறது. ஒரு படுக்கையிலாவது போர்வையைத் தாங்களே விலக்கி, பெருவிரலைத் தொட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மலாக்கா
நாள்: 14.8.1958

உண்மையுடன்,
ம. தேவதாஸ்