வெண்டைச் செடி நிற்கும்போதே வயலைப் பார்வையிடக் கோரும் மனு

அனுப்புநர்
மேடை எண் 17-இல் வெண்டைக்காய் விற்றுவந்தவர்,
விவசாயிகள் சந்தை,
பேருந்துப் பணிமனையின் பின்புறம்.

பெறுநர்
சந்தை மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: விற்பனை அட்டை நிறுத்திவைக்கப்பட்டது – வயலை நேரில் பார்வையிடுவதில் தாமதம் – பயிர் முடியும் முன் வந்து பார்க்க வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் விற்பனை அட்டை நிறுத்திவைக்கப்பட்ட பின் நான்கு சந்தை நாட்கள் கடந்துவிட்டன. வயலை நேரில் பார்த்த பிறகே அட்டையைத் திருப்பித் தருவது பற்றி முடிவெடுக்கப்படும் என்று ஆணையில் உள்ளது. பார்க்க இன்னும் யாரும் வரவில்லை. செடியோ முடியும் நிலைக்கு வந்துவிட்டது. சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனாலும் என் மேல் எழுதப்பட்ட குற்றத்தில் ஒரு பாதி உண்மை, மறு பாதி உண்மையல்ல என்பதால், நடந்ததை வரிசையாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

2. நகர எல்லையில், குடிநீர்த் தொட்டியைத் தாண்டிச் சாலையை ஒட்டியுள்ள குத்தகை நிலத்தில் நானும் என் நாத்தனாரும் வெண்டை பயிர் செய்கிறோம். என் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். மாலையில் வந்து தண்ணீர் பாய்ச்சுவது அவர் வேலை. வெண்டைக்காய் பறித்தால் கை அரிக்கும். அதற்காக நாத்தனார் பழைய காலுறைகளின் நுனியை வெட்டி முழங்கை வரை மாட்டிக்கொள்வார். பறித்து, தரம் பிரித்து, கூடையில் அடுக்குவது வரை அவர் பொறுப்பு. சந்தைக்கு வரச் சொன்னால் மட்டும் வரமாட்டார். "நாலு பேர் முன்னாடி விலை சொல்றதெல்லாம் எனக்கு வராது அண்ணி" என்பார். ஆகவே புதன், சனி இரண்டு நாட்களும் மேடை எண் 17-இல் நான் ஒருத்திதான்.

3. சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ தாமே விளைவித்ததை மட்டும் விற்க வேண்டும் என்பது சந்தையின் விதி. அந்த விதியில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. மொத்த வியாபாரிகள் விடியும் முன்பே வண்டியில் சரக்கை இறக்கி எங்கள் மேடைகளைப் பிடித்துக்கொண்ட காலத்தில், அப்படி ஒரு விதி வேண்டும் என்று கேட்டுக் கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருத்தி. விதி கடுமையாக இருக்க வேண்டும் என்பதே இன்றும் என் எண்ணம்.

4. தனியாகக் கடை போடுகிறவர்களிடையே சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடவோ கழிப்பறைக்கோ போகிறவர் தம் சரக்கைப் பக்கத்து மேடைக்குத் தள்ளிவைத்துவிட்டுப் போவார். பக்கத்துக் கடைக்காரர் அதையும் சேர்த்து விற்று, காசைத் தனி டப்பாவில் போட்டுவைப்பார். விற்கும்போது "இது என்னோடது இல்ல" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் வாங்க வந்தவர், "சரி, அவங்க வரட்டும்" என்று நகர்ந்துவிடுவார். பிறகு திரும்பி வரமாட்டார். சாப்பிடப் போனவரின் வாடிக்கையாளரை இப்படி விரட்டிவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? எனவே பக்கத்துக் கடைச் சரக்கைச் சொந்தச் சரக்கு போலவே பேசி விற்பதுதான் அங்கே மரியாதை. இது எங்கும் எழுதப்படவில்லை. கடை போட வந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் பழகிவிடுகிறது.

5. மேடை எண் 18-இல் பூசணி விற்பவரைச் சந்தை முழுக்க 'மெதுவா அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். பூசணியை யார் தூக்கினாலும், "மெதுவா, மெதுவா, கழுத்து நிக்காத குழந்தை மாதிரி புடிங்க" என்பார். சர்க்கரை நோய் உள்ளவர். அந்தச் சனிக்கிழமை மதியம் கை நடுங்குவதாகச் சொல்லி, பூசணிகளை என் மேடைக்கு உருட்டிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் போன சற்று நேரத்தில், கையில் துணிப்பையுடன் ஒருவர் வந்தார். வெண்டைக்காய் ஒன்றின் நுனியை ஒடித்துப் பார்த்தார். பிறகு பூசணியைத் தட்டிப் பார்த்து, "இது உங்க தோட்டத்துதாம்மா?" என்று கேட்டார்.

"எங்க தோட்டம்தான் சார். நேத்து சாயங்காலம் அறுத்தது" என்றேன்.

"உரம் எதுவும் போடுவீங்களா?"

"மாட்டு எருவைத் தவிர வேற எதையும் கிட்ட சேர்க்க மாட்டோம். கொடியிலேயே விளஞ்சு, காம்பு காஞ்சப்புறம்தான் கத்தியே வைப்போம்."

இது மெதுவா அண்ணன் தினமும் சொல்வது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம்.

6. வந்தவர் தங்கள் அலுவலகத்தின் ஆய்வாளர். அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் வெண்டை மட்டுமே இருந்தது. பூசணி பக்கத்துக் கடைக்காரருடையது என்று அப்போது சொன்னேன். "இப்பத்தானே உங்க தோட்டம்னீங்க? எரு வரைக்கும் சொன்னீங்களேம்மா!" என்றார். அதற்குள் யாரோ சொல்லி, மெதுவா அண்ணன் சாப்பாட்டுக் கையோடு ஓடிவந்தார். எதிரே இருந்த தக்காளிக் கடைக்கார அக்கா, "அட, அண்ணனுக்கு ஓடக்கூடத் தெரியுமா!" என்றதில் சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அது எனக்குச் சாதகமாக அமையவில்லை. "சார், அது என்னோடது சார். என் காயை எனக்குத் தெரியாதா?" என்று அவர் மூச்சு வாங்கியபடி சொன்னதற்கு, "மாட்டினதுக்கு அப்புறம் எல்லாரும் இப்படித்தான் ஒருத்தருக்கொருத்தர் வருவீங்க" என்று ஆய்வாளர் எழுதி முடித்தார்.

7. ஆணையில் இரண்டு குற்றங்கள் உள்ளன. முதலாவது, பிறர் விளைவித்ததை என்னுடையது என்று சொல்லி விற்றேன் என்பது. அது உண்மை. ஆய்வாளர் தம் காதால் கேட்டதைத்தான் எழுதினார். அதற்குத் தாங்கள் விதிக்கும் எந்தத் தண்டனையையும் ஏற்கிறேன். இரண்டாவது, பூசணியைப் போலவே வெண்டைக்காயும் மொத்தச் சந்தையில் வாங்கப்பட்டதாகக் கருத இடமிருக்கிறது, நான் விவசாயியே அல்ல என்பது. இதைத்தான் மறுக்கிறேன். அட்டை தருமுன் நிலத்தைப் பார்க்க வந்தவர், விதை ஊன்றிய ஈர மண்ணை மட்டுமே பார்த்தார் என்று ஆணையில் குறிப்பிடப்பட்டுள்ளது. அதுவும் சரிதான். அதனால்தான் மண்ணில் இப்போது நிற்பதை வந்து பாருங்கள் என்கிறேன்.

8. ஆணை கிடைத்த பிறகு தங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை வந்தேன். முதல் முறை, பார்வையிடும் அலுவலர் பயிற்சிக்குப் போயிருந்தார். இரண்டாம் முறை வாகனம் பழுது என்றார்கள். மூன்றாம் முறை, முன்னால் வேறு பகுதிகள் இருப்பதாகவும் வரிசைப்படிதான் வருவார்கள் என்றும் எழுத்தர் சொன்னார். அவசரத்தை விளக்கினேன். அவர் கோபப்படவில்லை, ஆறுதலாகவே, "ஏம்மா இப்படிப் பறக்கறீங்க, செடி எங்க போயிடப் போகுது?" என்றார். வெளியே வந்து படிக்கட்டில் சிறிது நேரம் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கவும் பொறுமையில்லாமல் வயல் வரை நடந்தே போனேன்.

9. செடி போய்விடும், ஐயா. வெண்டைக்காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். பறிக்காமல் விட்டால் காய் முற்றும். முற்றினால் செடி பூப்பதை நிறுத்திவிடும். எனவே விற்க இடமில்லாவிட்டாலும் பறித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பறிப்பது விற்பதற்காக அல்ல, தாங்கள் வரும்போது செடி பச்சையாக நிற்க வேண்டும் என்பதற்காக. "அண்ணி, வேற யாராவது காய் வேணும்னு செடி வளர்ப்பாங்க. நாம செடி வேணும்னு காயைப் பறிச்சுக் கொட்டறோம்" என்று நாத்தனார் காலுறையை மாட்டிக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று பறித்ததைத் தரம் பிரிக்காமலே கூடையில் கொட்டினார்.

10. பறித்த காயை முதலில் எங்கள் தெருவில் கொடுத்தோம். இப்போது நான் பையோடு வருவதைப் பார்த்தால் கதவு சாத்துகிறார்கள். பால்காரர் மாடுகளுக்கு என்று வாங்கிப்போனார். மாடுகளும் முகத்தைத் திருப்பிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். இதற்கிடையில் மெதுவா அண்ணன் வீடு தேடி வந்து, "கூடையை என் மேடையில வைம்மா. ரெண்டு வாரம்தானே, நான் வித்துத் தர்றேன். கேட்டா என் தோட்டம்னு சொல்லிட்டுப் போறேன்" என்றார். வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். எந்தச் சொல்லால் என் அட்டை போனதோ அதே சொல்லை அவர் வாயால் எனக்காகச் சொல்லவைக்க முடியாது. அவர் வருத்தத்தோடு போனார். அவர் சொல்லி நான் மறுத்தது இதுவே முதல் முறை.

11. இப்போது புதிதாக ஒரு நெருக்கடி. வெண்டை நிலத்தை உழுது அடுத்த விதையை ஊன்ற வேண்டிய பருவம் வந்துவிட்டது. உழவு இயந்திரக்காரர் சுற்றுப்புறத்துக்கெல்லாம் ஒருவர்தான். அவர் வருகிற நாளை விட்டால் பிறகு அவர் பின்னால் அலைய வேண்டும். உழுதுவிட்டால் வந்து பார்க்கிறவருக்கு வெறும் மண்ணைத்தான் காட்ட முடியும்; அட்டை நிரந்தரமாகப் போகும். உழாமல் விட்டால், அட்டை திரும்பக் கிடைத்தாலும் மேடையில் வைக்க ஒன்றும் இருக்காது. இதைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த பேச்சை இங்கே முழுமையாக எழுத முடியாது. "அதிகாரி வருவார் வருவார்னு இன்னும் எத்தனை நாள் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காத்திருக்கற மாதிரி வாசலையே பார்த்துட்டு இருக்கப் போற?" என்று என் கணவர் கேட்டது மட்டும் எழுதத் தகுந்தது.

12. இன்று காலை உழவு இயந்திரம் வந்தது. இரவெல்லாம் யோசித்தும் முடிவு வரவில்லை. இயந்திரத்தின் சத்தம் வயலுக்குள் இறங்கியபோதுதான் வந்தது. சாலை ஓரமாக உள்ள இரண்டு வரிசைச் செடிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை உழச் சொன்னேன். உழும் முன் அந்தச் செடிகளைப் பிடுங்கி, தண்டுகளை எரிக்காமல் வேரோடு வரப்பில் அடுக்கிவைத்தோம். ஒரு மேடைக்குக் காய் தர இரண்டு வரிசை போதாதே என்று தங்கள் அலுவலர் ஐயப்பட்டால், அந்தத் தண்டுகளை எண்ணிக்கொள்ளலாம். காய் ஒடித்த தழும்பு ஒவ்வொன்றிலும் இருக்கிறது.

13. விட்டுவைத்த இரண்டு வரிசைகளும் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. கீழே இலை உதிர்ந்துவிட்டது. பூ நுனியில் மட்டுமே இருக்கிறது. அதற்கு மேல் பூக்கத் தண்டில் இடம் இல்லை. மேலும், வாய்க்காலிலிருந்து தண்ணீர் வயலுக்குள் இறங்கும் வழியில்தான் அவை நிற்கின்றன. அவற்றை அகற்றாமல் புதிய பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்ப முடியாது. மண் இப்போது உழவு ஈரத்தோடு இருக்கிறது. வெயிலில் அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. விதை வீட்டில் தயாராக இருக்கிறது.

ஆகவே, கீழ்க்காணும் நடவடிக்கைகளைத் தங்களிடம் கோருகிறேன்.

(அ) வரிசைப்படி வருவதே வழக்கம் என்றாலும், அழியக்கூடிய சான்று என்பதால் என் வயலை முன்னதாகப் பார்வையிட உத்தரவிட வேண்டும். முன்கூட்டித் தகவல் தர வேண்டியதில்லை. விடிந்ததிலிருந்து நானோ நாத்தனாரோ வயலில் இருப்போம்.

(ஆ) பக்கத்துக் கடைக்காரருக்காக அவர் சரக்கை விற்பதை அனுமதிப்பதா தடுப்பதா என்று தெளிவாக ஒரு வரி எழுதிச் சந்தை வாசலில் ஒட்ட வேண்டும். எதுவானாலும் கட்டுப்படுவோம். இப்போதெல்லாம் சந்தை நாளில் யாரும் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தக்காளிக் கடைக்கார அக்கா சொல்கிறார். சர்க்கரை நோயாளிக்கு அது நல்லதல்ல.

(இ) வாகனம் பழுது என்றால், என் கணவரின் வேன் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகு மதியம் வரை சும்மாதான் நிற்கிறது. அலுவலரை அழைத்துவந்து திரும்பக் கொண்டுபோய் விடுகிறோம். இது முறையல்ல என்றால் மன்னிக்கவும்.

வருகிறவர் வயலுக்குள் இறங்க வேண்டும் என்றுகூட இல்லை. சாலையில் நின்றாலே செடி தெரியும். பார்த்ததாக ஒரு கையொப்பம் போட்டுத் தந்தால், அந்த நிமிடமே இரண்டு வரிசைகளையும் நானே வெட்டித் தண்ணீருக்கு வழி விட்டுவிடுவேன். அரிவாளை வரப்பிலேயே வைத்திருக்கிறேன்.

தங்கள் வருகையை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
மேடை எண் 17-இன் விண்ணப்பதாரர்

இடம்: வயல், குடிநீர்த் தொட்டிச் சாலை
நாள்: செவ்வாய்க்கிழமை, சந்தைக்கு முந்தைய நாள்