வெயிலில் குடை

ஜூன் 3
இன்றும் குடையோடு இறங்கினேன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. இரண்டாம் மாடியிலிருந்து பத்திரிகைக் கடை வரை போய்த் திரும்ப, வலது முழங்காலுக்கு இப்போதெல்லாம் ஒரு துணை வேண்டியிருக்கிறது. கைத்தடி பிடித்தால் கிழவன். குடை பிடித்தால் முன்யோசனைக்காரன். மகளுக்குத் தெரியாதவரை முன்யோசனைக்காரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஜூன் 6
குடை நுனி படியில் வழுக்குகிறது. செருப்பு தைப்பவரிடம் ரப்பர் போடச் சொன்னேன். "குடைக்கு எதுக்கு சார் செருப்பு?" என்றார். அளவெடுத்து மாட்டிக்கொடுத்தார். பாலிஷ் வேண்டுமா என்றுதான் கேட்கவில்லை.

ஜூன் 9
கீழ்த்தள லாண்டரிக்காரர் வழிமறித்தார். "மழை எப்ப சார் வரும்? நீங்க குடைய எடுக்கறதப் பாத்து தினமும் கொடித்துணிய உள்ள இழுத்துப் போடறேன். ஒண்ணும் காய மாட்டேங்குது."
வானிலை அலுவலகத்தில் இருந்தவன் என்று என் மேல் அவருக்கு மரியாதை. நான் அங்கே சம்பளப் பட்டியல் போட்டவன். மேகத்தோடு பேச்சுவார்த்தையே கிடையாது. உண்மையைச் சொன்னால் மாலைக்குள் மகள் காதுக்குப் போகும்.
"காத்தழுத்தம் சரியில்ல" என்றேன்.

ஜூன் 10
வீட்டு நாற்காலிகள் எல்லாம் குள்ளமாகிவிட்டன. யாரிடம் புகார் செய்வது?

ஜூன் 12
போனில் மகள்: "ஞாயித்துக்கிழமை வரேன்பா. இந்த வயசுல ரெண்டு மாடி ஏறி இறங்கறீங்கன்னு கவலையா இருக்கு. என் கண்ணு முன்னால தனியா இறங்கிக் காட்டுங்க. முடியலன்னா வீட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துடணும். ரூம் ரெடி."
அந்த அறை எனக்குத் தெரியும். சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கதவைத் திறந்தால் மாப்பிள்ளை. வெளியே கிளம்பினால் துணைக்கு ஒருவர். ஒரு பத்திரிகை வாங்க ஊர்வலமா?

ஜூன் 15, ஞாயிறு
இறங்கினேன். கைப்பிடியைத் தொடவில்லை. மகள் முகத்தில் நிம்மதியா, ஏமாற்றமா — கண்டுபிடிப்பதற்குள் தெருவுக்கு வந்துவிட்டோம். பிடித்துக்கொண்டது மழை.
"நான் சொல்லல? சார் குடை பொய் சொல்லாது!" லாண்டரிக்காரர் குதிக்காத குறை.
"குடைய விரிங்கப்பா" என்றாள் மகள்.
விரிக்கலாம். விரித்துவிட்டு எதை ஊன்றி நிற்பது? அப்படியே நின்றேன். சட்டை நனைந்தது, கண்ணாடி நனைந்தது. அவள் ரப்பர் நுனியைப் பார்த்தாள். பிறகு என்னை.
"எத்தன நாளா?"
நான் முழங்காலைப் பார்த்தேன்.
தோளைப் பிடித்து மேலே கூட்டிவந்தாள். "அடுத்த ஞாயிறு பெட்டி கட்டிடலாம்பா." கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கத்தவில்லை.

ஜூன் 16
அலமாரியைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

ஜூன் 17
ஒரு குடைக்காக வீட்டை விடறதா? கிழவன்னு சொல்லட்டுமே — இப்ப மட்டும் வாலிபன்னா சொல்றாங்க?

ஜூன் 19
மருந்துக்கடையில் கைத்தடி வாங்கினேன். போகும்போது குடை, வரும்போது தடி. தடிக்கு நடிக்கத் தெரியவில்லை. தாங்க மட்டும் தெரிகிறது.

ஜூன் 22, ஞாயிறு
மகள் காலிப் பெட்டியோடு வந்தாள். தடியோடு இறங்கிப் போய் வாசலில் வரவேற்றேன். சேர்ந்தே ஏறினோம். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. பிடிக்காமலிருக்கப் பட்ட பாடு தெரிந்தது. மேலே வந்தும் பெட்டியைத் திறக்கவில்லை.
"உங்களுக்குன்னு வெச்ச ரூம்ல தையல் மெஷினப் போட்டுக்கட்டுமாப்பா?"
"போட்டுக்கோ."
மாலையில் மழை. காலையில் என் கையில் குடை இல்லாததைப் பார்த்து, லாண்டரிக்காரர் இருந்த துணியையெல்லாம் கொடியில் போட்டிருக்கிறார். கீழே திட்டு விழுவது எனக்குத்தான். இறங்கிப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும்.
தடி என் கையில். குடையை மகள் பிடிக்கட்டும்.