அக்கா கடைசியாகச் சொன்னது

என் அக்கா மகளுக்கு,

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் உன் ஆராய்ச்சியைத் தெரியாத ஆளே இப்போது இல்லை. டீக்கடை கனி பாய், “இன்னா நைனா, பொண்ணு வெளிநாட்ல இன்னா பண்ணிக்கினு கீது?” என்றார்.

“துருக்கி பாஷைங்களுக்கெல்லாம் தாய் பாஷை ஒண்ணு இருந்துச்சாம் பாய். எழுதி வைக்காமலே போயிடுச்சு. அதுல அம்மாவ, அக்காவ இன்னான்னு கூப்ட்டாங்கன்னு கண்டுபுடிச்சிக்கினு கீது. அரண்மனையே காத்துக்கினு கீது!” என்றேன். அரண்மனை மட்டும்தான் என் கைச்சரக்கு.

நீ உன் அம்மா சாவுக்கு வர முடியாததை யாரும் குறையாகப் பேசவில்லை. நான் பேசவிட்டால்தானே!

அம்மா கடைசியாகச் சொன்னதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களே என்று போனில் அழுதாய். எல்லாம் என் வேலைதான். உன் அப்பாவிடம், “பாப்பாவுக்குக் குளுருமே” என்றாள் என்றேன். சித்தியிடம், “பாப்பாவ திட்டாதீங்க” என்றாள் என்றேன். கனி பாயிடம், “பாப்பா பெரிய ஆளாயிடுச்சு” என்று சிரித்ததாகவே சொல்லிவிட்டேன்.

பிள்ளை மொழிகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாவற்றிலும் பொதுவாக மிஞ்சி நிற்பதுதான் தாய் சொன்னது என்பாயே, இதையும் அப்படிப் பார். பாப்பா என்றுதான் உன்னைக் கூப்பிட்டாள். மற்றதெல்லாம் நான் ஒட்டியது.

கூப்பிட்டுவிட்டு, உன் கை என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று நான் கடைசிவரை வாயே திறக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மாவின் தம்பி