வேர் வெள்ளையா இருந்துச்சு

வைகாசி 24, புதன்

காலையில நானும் எங்க வீட்டுக்காரரும் குரங்கணிக்கு மேல எங்க ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போனோம். மேட்டோரத்துல ஒரு ஏலச்செடி இலை பூரா மஞ்சளடிச்சு நின்னுச்சு. பார்த்த ஒடனே, "அழுகல் புடிச்சிருச்சு. தூரோட தோண்டி எறியணும், இல்லேன்னா தோட்டத்துக்கே பரவிரும்"னாரு. கொஞ்சம் பொறுங்கன்னேன். கேக்கல.

போன தையில மூத்தவன் செல்வம் குடிச்சிட்டு வாசல்ல விழுந்தப்பவும் இதே பேச்சுத்தான். "இவனைத் தூரோட எறிஞ்சாத்தான் சின்னவன் தப்பிப்பான்"னு துணிப்பையைத் தெருவுல வீசுனாரு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். பையை எடுத்துக்கிட்டு அவன் அன்னைக்குப் போனவன்தான்.

இன்னைக்குத் தோண்டிப் பார்த்தா வேரு வெள்ளை வெளேர்னு இருக்கு. ஒரு அழுகல் இல்ல. அண்ணாந்து பார்த்தேன். நெழலுக்கு நின்ன மரத்தைக் கவாத்துன்னு சொல்லி போன மாசம் மொட்டையடிச்சது இவருதான். வெயிலு நேரா எறங்கி இலையை மஞ்சளாக்கியிருக்கு. அவருக்கும் புரிஞ்சிருச்சு. செடியைக் குழியில திரும்ப வச்சு மண்ணை மிதிச்சாரு. ஜீப்பை எடுத்துக்கிட்டுப் போடியில வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கிட்டே, "செல்வம் நம்பர் ஒங்கிட்ட இருக்கா?"ன்னாரு.

இருக்குன்னேன்.

"காலையில போட்டுக் குடு"ன்னுட்டுப் படுத்துட்டாரு.

தினமும் நான் திருட்டுத்தனமாப் போட்டுப் பார்க்குற நம்பர்தான். சித்திரையிலேருந்து அது சுவிட்ச் ஆஃப்புலயே கெடக்குன்னு சொல்ல எனக்கு வாய் வரல.