சம்பந்தி வீட்டாரோடு சாப்பிட்ட சாப்பாடு

அன்பு வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று நான்கு நாளாக ஒரே வரியை அனுப்புகிறாய், போனை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். நேற்று ஒரு ஆபீசில் லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, வேலை முடிஞ்சுதா என்று கேட்டவருக்குப் பதில்கூடச் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேனாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் மரத்துக் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் செய்தி வந்தபோது நாங்கள் எங்கே இருந்தோம் தெரியுமா? மண்டபம் பற்றிப் பேசி முடித்துவிடலாம் என்று பையன் வீட்டார் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பிரெஞ்சுச் சமையலையும் கொரியச் சமையலையும் கலந்து போடுகிற ஓட்டல், பையனே நீ இருக்கிற ஊரிலிருந்து போனில் ஏற்பாடு செய்தது. முதலில் வெங்காய சூப், மேலே உருகின சீஸ், அடியில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ். ஒரு கரண்டி வாயில் வைத்தேன், சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அப்பா, இந்தக் கல்யாணம் வேணாம், ஏன்னு மட்டும் கேக்காதீங்க என்று எழுதியிருந்தாய். படித்தேன். போனைப் பையில் போட்டுவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தேன். வேறென்ன செய்வேன், பக்கத்தில் அம்மா சம்பந்தியம்மாவிடம் புடவைக் கலர் பேசிக்கொண்டிருக்கிறாள். அதே நேரம் மருந்துக்கடைக்காரரும், பையனின் அப்பாதான், தன் போனைப் பார்த்தார், கவிழ்த்து வைத்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் அசடு வழிந்தேன். இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது, இரண்டு பேரும் சூப்பையே குடித்தோம்.

பரிமாறுகிறவர் ஒவ்வொரு தட்டையும் வைத்துவிட்டு நின்று விளக்கம் சொன்னார். வாத்துக்கறிக்குக் கொரிய மிளகாய் விழுது, அதன் மேல் வெண்ணெய்க் குழம்பு. அவர் பேசும்வரை நாங்கள் பேச வேண்டாமே என்று, இன்னும் கொஞ்சம் சொல்லுங்க என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியாத மனுஷன், இங்க வந்து ஆராய்ச்சி பண்றாரு பாருங்க என்று அம்மா கிண்டல் செய்தாள். கறி அப்படி உறைத்ததாம், எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கை கழுவப் போனேன், பின்னாலேயே அவரும் வந்தார். கழுவின கையையே இருவரும் மறுபடி மறுபடி கழுவினோம். கண்ணாடியைப் பார்த்தபடியே, உங்க பொண்ணு மேல தப்பு இருக்காது சார், இவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கோவம் வந்தா கை நிக்காது, கல்யாணம் ஆனா சரியாயிடுவான்னு நினைச்சோம் என்றார். அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும் நான். ஒரு பேப்பரைக் கிழித்து, துடைச்சுக்குங்க என்று நீட்டினேன், வாயாடி. திரும்பிப் போய் உட்கார்ந்து, மேலே சர்க்கரையைக் கருக்கின அந்த இனிப்பையும் வழித்துச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அவ சாப்பிட்டாளாமா என்று மட்டும் கேட்டாள், அப்புறம் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பிக்கொண்டாள். மண்டபத்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்கள் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. யார் வந்து தட்டினாலும் பார்க்காமல் கதவைத் திறக்காதே. கூட வேலை செய்கிறவர்களில் ஒருத்தரிடமாவது விஷயத்தைச் சொல்லி வை. லீவு கேட்டுவிட்டேன், அடுத்த வியாழக்கிழமை அங்கே வருகிறோம். இந்த முட்டியை வைத்துக்கொண்டு நீ எங்கே வருகிறாய் என்று அம்மாவைக் கேட்டால், நீங்க போய் அவளுக்கும் பேப்பர் கிழிச்சுக் குடுப்பீங்க, நானும் வரேன் என்கிறாள்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் எங்களுக்கு. வேளாவேளைக்குச் சாப்பிடு. ஏன் என்று கேட்க வேண்டாம் என்றாய், கேட்கவில்லை. எங்கே அடிபட்டது என்று மட்டும் அம்மாவுக்கு எழுது.

இப்படிக்கு,
அப்பா