முத்துவீரன் பதக்கத்தில் பெயர் இல்லையாம்

கிரெய்கிபர்ன்,
18.11.2012

அன்பு மகன் யுவனேஷுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் அக்கா திவ்யா வீட்டில் சுகமாக இருக்கிறோம், ஈப்போவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க முருகன் துணை.

எனக்குத்தான் ஒரு வாரமாக வயிறு எரிகிறது. இங்கே நூலகத்தில் பழைய போர்வீரர்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்திருக்கிறார்கள். உன் அப்பாவின் கொள்ளுத்தாத்தா முத்துவீரன், நூறு வருடத்துக்கும் முந்தைய பர்மாச் சண்டையில் குண்டுகளுக்கு நடுவே நீந்திப் போய் ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டியதற்காகப் பட்டாளத்துத் துரை கையால் வாங்கிய வெள்ளிப் பதக்கத்தை, திவ்யா சொன்னாள் என்று அப்பா கொண்டுபோய்க் கொடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமை நல்ல புடவை கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால், பக்கத்தில் 'பெயர் தெரியாத இந்தியச் சிப்பாய்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வருடா வருடம் படையல் போட்டுக் கும்பிடுகிற எங்களுக்கா பெயர் தெரியாது. பொறுப்பாளரை திவ்யா கேட்டதற்கு, பதக்கத்தின் விளிம்பில் பெயர் இல்லை, இந்த மாதிரிப் பதக்கங்கள் இணையத்தில் விற்பனைக்கு வருகின்றன, வாய்வார்த்தையை நம்பி எழுத முடியாது என்றாராம். எங்கேயோ வாங்கி வந்து சொந்தம் கொண்டாடுகிறோம் என்று நினைத்துவிட்டார். உன் அப்பாவோ காரில் ஏறியதும் விட்டுத்தள்ளு புஷ்பா என்கிறார்.

மறுநாள் விளக்குத் துலக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணமானதிலிருந்து முப்பத்திரண்டு வருடமாக, ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தப் பதக்கத்தை விபூதி போட்டு அழுத்தி அழுத்தித் தேய்த்தது நான்தான், எனக்கு முன்னால் என் மாமியார். பளபளவென்று இருக்க வேண்டும் என்று தேய்த்தே முத்துவீரன் பெயரை அழித்துவிட்டேன். அந்தப் பொறுப்பாளர்மேல் வந்த கோபமெல்லாம் இப்போது என்மேல் திரும்பியிருக்கிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்பா ஒருநாளும் அந்த விளிம்பைத் திருப்பிப் பார்த்தவரில்லை. நீதான் பன்னிரண்டு வயதில் பெயரையும் படை எண்ணையும் எழுத்துக்கூட்டி வாசித்தாய், பூஜைச் சாமானில் கை வைக்கிறாயா என்று முதுகில் ஒன்று வைத்தேன். அந்த எழுத்தைப் பார்த்தவர்களில் மிச்சம் நீ ஒருவன்தான் தம்பி. நினைவில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்பு, கண்காட்சி மாதக் கடைசிவரைதான். மறக்காதே. பொறுப்பாளர் ஏற்றாலும் சரி ஏற்காவிட்டாலும் சரி, அதை அவர் மேஜையில் வைத்து, பெயரை அழித்தவள் நான்தான் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டு வருவேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
கு. புஷ்பவல்லி